தண்ணி லாரி நேரத்து லேஜிம்

4 செப்டம்பர் 1961, திங்கள்

குதிகால் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது உயிர் போகிறது. அதே காலோடு செம்பூரில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கி, தாராவி ஸ்கூல் வரை நடை. சாயங்காலம் அதே பாதை திரும்பி. பதினோரு வருஷம் ஆகிறது.

இந்தக் காலுக்கு இன்று டிரில் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். ஊருக்குப் போன டிரில் மாஸ்டர் திரும்பி வரவில்லை. வேறு ஆள் போடும்வரை தையல் டீச்சர் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். ஏன் தையல் டீச்சர் என்று கேட்டேன். "நீங்க ஒருத்தர்தானே காலை ஷிப்டுக்கும் மத்தியான ஷிப்டுக்கும் பொதுவா இருக்கேள்" என்றார் ஹெட்மாஸ்டர் வேங்கடசுப்ரமணியன். பொதுவாக இருப்பது ஒரு குற்றம்.

ஜனவரி 26 அன்று சிவாஜி பார்க்கில் அறுபது ஸ்கூல்களின் பெண்கள் ஒன்றாக லேஜிம் ஆடப் போகிறார்களாம். ஒரு கட்டை, அதில் இரும்புச் சங்கிலி, சங்கிலியில் தகடுகள். ஆட்டினால் சலசலக்கும். இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் கைவந்தது, எனக்குத்தான் வராது. ஸ்கூலுக்கு ஒரு கோஷ்டி, இருபத்து நாலு பேர். நம்மிடம் இருப்பதும் இருபத்து நாலு லேஜிம். இரண்டு ஷிப்டிலும் பழக்கவேண்டும், அக்டோபரில் சூபர்வைசர் வந்து எது நல்ல கோஷ்டியோ அதைத் தேர்ந்தெடுப்பார்.

"இது நன்னா நடந்துடுத்துன்னா உங்க செம்பூர் டிரான்ஸ்பர் பேப்பரை நானே மேலே வெக்கறேன்" என்றார். செம்பூர் ஸ்கூல் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. சரி என்று சொல்லிவிட்டேன்.

6 செப்டம்பர்

நாலு அடிகள். சார் ஆவாஜ் என்றால் நின்ற இடத்தில் நாலு தட்டு. தோ ருக் என்றால் இரண்டு பக்கமும் திரும்பித் தட்டுவது. பைட்டக், உட்கார்ந்து எழுவது. பவித்ரா, ஒரு காலை முன்னே வீசி வளைவது. ப்யூன் பாண்டுரங்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். பறை தட்டுவதும் அவனே. ஐம்பது வயசுக்காரன், உட்கார்ந்து எழுவதில் என்னைவிட இருபது வயசு இளையவன்.

தையலில் எப்படியோ அப்படியே செய்வதாக முடிவு. ஓட்டுத் தையல் கை படியும்வரை ஓட்டுத் தையல்தான். அது படிந்த பிறகே அடுத்தது. வாரத்துக்கு ஓர் அடி, நாலு வாரத்தில் நாலு. அப்புறம் வரிசையாகச் சேர்த்து ஆடினால் போயிற்று. தினமும் கடைசியில் எத்தனை பேர் தப்பு செய்கிறார்கள் என்று இங்கே குறித்து வைப்பேன்.

12 செப்டம்பர்

காலை 3. மதியம் 16.

காலை ஷிப்டுக்கு மைதானம் முழுசாக ஒரு மணி நேரம் கிடைக்கிறது. ஏழாம் வகுப்பு முருகம்மாள் முன்வரிசையில் நின்றால் மற்றவர்கள் அவளைப் பார்த்தே ஆடிவிடுகிறார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்யும் பெண். வியர்வையைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் துடைக்கிறாள்.

மதியத்துக்கு வந்த கேடு தண்ணி லாரி. அது மைதானத்துக்குள்தான் வந்து நிற்கும். எப்போது வரும் என்று லாரிக்காரனுக்கே தெரியாது. வந்தால் குடங்கள், சண்டை, சகதி. எனக்குப் பாட ஆரம்பத்தில் பத்து நிமிஷம், இடைவேளையில் பத்து, கடைசியில் பத்து என்று துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது.

19 செப்டம்பர்

காலை 2. மதியம் 16.

பாண்டுரங்கைப் பிடித்துச் சத்தம் போட்டேன். மதியத்தில் இவன் இஷ்டத்துக்குத் தட்டுகிறான். சார் ஆவாஜ் தட்டிக்கொண்டிருப்பவன் திடீரென்று பைட்டக் தட்டுகிறான், பிறகு தோ ருக், மறுபடி சார் ஆவாஜ். பிள்ளைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறார்கள், சிரிப்பு வேறு. "கண்டாளா யேதோ, பாயி" என்கிறான் மராத்தியில். அவனுக்குச் சலிப்பாக இருக்கிறதாம். காலையில் நான் பக்கத்தில் நிற்பதால் ஒழுங்காகத் தட்டுகிறான். மதியத்தில் என்னால் நிற்க முடியவில்லை, வேப்பமரத்தடி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுகிறேன். அந்தத் தைரியம்.

ஆறாம் வகுப்பு பேராச்சி வந்து அவனுக்கு வக்காலத்து வாங்குகிறாள். "ஒண்ணயே திருப்பித் திருப்பி செஞ்சா கை தூங்கிருது டீச்சர். மாத்தி மாத்தி அடிச்சாத்தான் முழிச்சிக்கிடுது."

அடி விழும் என்றேன். அவள் கை தூங்குகிறதாம். என் கால் தூங்கினால் போதும் என்று நான் இருக்கிறேன்.

25 செப்டம்பர், திங்கள்

காலை 11! சனிக்கிழமை 2 இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தெருவில் ஆடிவிட்டு வந்தால் இப்படித்தான். அரை மணி நேரம் விரட்டிய பிறகு 3 ஆயிற்று. மதியம் 15, சனிக்கிழமையும் 15. அவர்களுக்கு ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான்.

3 அக்டோபர்

பேராச்சியும் ராபியாவும் இடைவேளையில் வந்து நின்றார்கள். ராபியா அவளுடைய உயிர்த்தோழி, தோல் பட்டறைக்காரர் காசிமின் மகள். இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன, யார் கேட்பது என்று.

"சிவாஜி பார்க்குக்குப் பக்கத்துல கடலு இருக்காமே டீச்சர்?"

"இருக்கு. மாகிம் காடி பாத்ததில்லையா, அந்த உப்பங்கழித் தண்ணிதான் அங்க போவுது."

"அந்த நாத்தக் காடி இல்ல டீச்சர். நெசக் கடலு."

இங்கிருந்து மூன்று மைல் இருக்குமா? இந்த ஸ்கூலில் ஒரு பெண்ணும் கடல் பார்த்ததில்லை. காலையில் முருகம்மாளும் இதையேதான் கேட்டாள். எல்லாருக்கும் சிவாஜி பார்க் கூட்டிப்போகும் லாரியும் கடலும்தான் கணக்கு, லேஜிம் சும்மா.

9 அக்டோபர், திங்கள்

காலை 10. திங்கட்கிழமைப் பீடை. பிறகு 2.

மதியம் 12.

20 அக்டோபர், வெள்ளி

சூபர்வைசர் வந்தார். நான் காலை கோஷ்டியை ஒரு மணி நேரம் நன்றாக ஆட்டி, சூடு ஆறுவதற்குள் அவர் முன்னால் நிறுத்தினேன். நாலு அடியும் வரிசையாக. ஒரே ஒரு பெண் தப்பு. அவர் எழுந்து நின்று கைதட்டினார். ஹெட்மாஸ்டர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, அவரே ஆடியமாதிரி.

"மத்தியான பேட்ச்?" என்று சூபர்வைசர் கேட்டார்.

"அது தேறாது சார்" என்று நான்தான் சொன்னேன். பார்க்கக்கூட விடவில்லை. பேர்ப் பட்டியலில் காலை இருபத்து நாலையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். டிரான்ஸ்பர் பேப்பரை அவர் பையில் வைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

மதியம் பிள்ளைகளிடம் சொன்னேன். ராபியா அழுதுவிட்டாள். பேராச்சி மட்டும் "எங்கள ஒரு தடவ பாத்திருக்கலாம்லா டீச்சர்" என்றாள். காலோ வலி, வெயிலோ வெயில் — "உங்களுக்குத் தண்ணி லாரி போதும், கடல் எதுக்கு" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லியிருக்க வேண்டாம்.

30 அக்டோபர்

தீபாவளி லீவு. லேஜிம் எல்லாம் பெட்டியில், பூட்டு என்னிடம். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊற வைத்தேன்.

10 நவம்பர்

இவர் பட்டறையிலிருந்து வந்து, "என்ன, லேஜிம் டீச்சர், கால் எப்படி இருக்கு" என்கிறார். கேலிக்குக் குறைச்சல் இல்லை. முறுக்கு மாவு பிசைந்தால் கையும் வலிக்கிறது. நாற்பத்து மூன்று வயதுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

21 நவம்பர், செவ்வாய்

என்ன சொல்ல.

ஸ்கூல் திறந்து முதல் நாள். காலை கோஷ்டியை நிறுத்தி, சார் ஆவாஜ் என்றேன். பாத்திரக்கடையில் அலமாரி சாய்ந்தமாதிரி ஒரு சத்தம். பவித்ராவில் வலது கால் யாருக்கு, இடது கால் யாருக்கு என்றே தெரியவில்லை. முருகம்மாள் நடுவில் நின்றுவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டுகிறது, "மறந்து போச்சு டீச்சர்" என்கிறாள்.

காலை 19.

28 நவம்பர்

ஒரு வாரமாகப் பழையபடி பழக்குகிறேன். மணி முடிவில் 4, 3 என்று வருகிறது. மறுநாள் காலையில் 13. மறுபடி 4. மறுபடி 12. ஓட்டைக் குடத்தில் இறைக்கிறேன். லீவுச் சோறு என்று திட்டினேன். அவ்வளவா சாப்பிட்டுவிட்டார்கள் இந்தப் பிள்ளைகள்?

5 டிசம்பர்

சர்க்குலர் வந்திருக்கிறது. சிவாஜி பார்க்கில் நம் வரிசைப்படி ஆட முடியாதாம். மைக்கில் ஒருவர் எந்த அடியைக் கூப்பிடுகிறாரோ அந்த அடி, அறுபது ஸ்கூலும் ஒரே சமயத்தில். அதைப் படித்துவிட்டுக் காலை கோஷ்டியிடம் தோ ருக்கை முதலில் கூப்பிட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் சார் ஆவாஜ் ஆடுகிறார்கள்.

காலை 22. இருபத்து நாலில்.

6 டிசம்பர்

இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

மதியம் லாரி வந்தது. நான் வேப்பமரத்தடியில். வரிசையில் குடங்கள் நிற்கின்றன, குடத்துக்குச் சொந்தக்காரிகள் ஓரமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். என் மதியப் பிள்ளைகள். கையில் லேஜிம் இல்லை, சிலரிடம் விறகுச் சுள்ளி, சிலரிடம் வெறும் கை. பாண்டுரங் ஒரு காலிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுகிறான். ராபியா கூப்பிடுகிறாள்: பைட்டக்! சார் ஆவாஜ்! பவித்ரா! மறுபடி பைட்டக்! யாரும் யாரையும் பார்க்கவில்லை. குரல் விழுகிறது, கால் போகிறது. வரிசை முன்னே நகர்ந்தால் ஓடிப் போய்க் குடத்தை நகர்த்திவிட்டு வந்து சேர்ந்துகொள்கிறார்கள்.

பழக்க தோஷம், எண்ணினேன். மதியம் 3.

லேஜிம் தொட்டு ஒன்றரை மாசம் ஆகிறது இவர்களுக்கு. பாண்டுரங்கைக் கூப்பிட்டு, தினமும் இப்படியா என்று கேட்டேன். "நாஹி பாயி, ஆஜச்" என்றான். லீவுக்குப் பிறகு இன்றுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்தில்தான் இருக்கிறது எல்லாம். காலை கோஷ்டி சனிக்கிழமை 2, திங்கட்கிழமை 11. அடுத்த பக்கத்திலும் அப்படியே. மதியம் சனிக்கிழமை 15, திங்கட்கிழமை 15, பிறகு 12 — மெதுவாக, ஆனால் குறைந்ததே தவிர ஏறவில்லை. காலையில் ஒரு மணி நேரம் ஒன்றையே செய்து, அந்த மணி முடிவில் அழகாக ஆடினார்கள். ராத்திரி தூங்கி எழுந்தால் பாதி போய்விட்டது. மதியத்தில் பத்துப் பத்து நிமிஷம், இடையில் மறந்து, மறுபடி நினைவுபடுத்தி, இது முடிவதற்குள் அது — தப்பு தப்பாகச் செய்து, அந்தத் தப்பிலேயே கற்றுக்கொண்டுவிட்டார்கள். நான் கண்டது தப்பு மட்டும்.

பீடை திங்கட்கிழமையில் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

கை தூங்கிருது டீச்சர் என்றாளே. அடி விழும் என்றேனே.

7 டிசம்பர்

பெட்டியைத் திறந்து மதியத்துக்கும் லேஜிம் கொடுத்துவிட்டேன். காலை கோஷ்டிக்கும் இன்றுமுதல் கலந்து கலந்துதான். துண்டு துண்டாக. காலை 21.

"நன்னா இருந்ததைப் போய் ஏன் கலைக்கறேள்?" என்று ஹெட்மாஸ்டர் ஜன்னலில் நின்று கேட்டார். நன்றாக இருக்கவே இல்லை சார் என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கே நேற்றுத்தான் புரிந்தது.

13 டிசம்பர்

காலை 18. மதியம் 4.

இன்னும் ஆறு வாரம். காலை கோஷ்டி தேறிவிடுமா? தேறலாம். தேறாமலும் போகலாம். பட்டியல் போய்விட்டது, நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். டிரான்ஸ்பரும் வந்துவிடும். தண்ணி லாரிப் பிள்ளைகள் தண்ணி லாரியோடு இருப்பார்கள்.

கடிதம் எழுதினேன். மதிய கோஷ்டியைக் காட்டாமல் மறைத்தது என் தவறு, சொல்லாமல் ஒருநாள் வந்து, பழக்குவதற்கு நேரம் தராமல், உங்கள் இஷ்டப்படி கூப்பிட்டு இரண்டு கோஷ்டியையும் பாருங்கள் என்று சூபர்வைசருக்கு. ஹெட்மாஸ்டர் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அக்டோபர்ல நீங்கதானே கையெழுத்துப் போட்டேள்? இப்போ இதை அனுப்பிச்சா டிரான்ஸ்பரை மறந்துடுங்கோ."

"அனுப்புங்க சார்" என்றேன்.

ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. குர்லா வரை ஒற்றைக் காலில் நின்றேன். பெரிய தியாகி. நாளைக்கே அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று செம்பூர் வரை யோசனை.

14 டிசம்பர்

வாங்கவில்லை.

2 ஜனவரி 1962

காலை 14. மெதுவாக இறங்குகிறது. திங்கட்கிழமையும் ஏறவில்லை! ஆனால் பிள்ளைகள் என்னை வெறுக்கிறார்கள். முருகம்மாளுக்குத் தான் முன்பு எப்படி ஆடினோம் என்பது நினைவிருக்கிறது, இப்போது தடுமாறுவது அவமானமாக இருக்கிறது. "பழயபடி ஒண்ணொண்ணா சொல்லிக்குடுங்க டீச்சர், செஞ்சு காமிக்கோம்" என்று கெஞ்சினாள். செய்து காட்டுவாள், தெரியும். மறுநாள் இருக்காது.

12 ஜனவரி, வெள்ளி

சூபர்வைசர் சொல்லாமல் வந்தார். பதினோரு மணிக்கு, தையல் வகுப்பு நடுவில். ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஆடினார்கள் காலைப் பிள்ளைகள். அவரே கூப்பிட்டார். 9 பேர் தப்பு. மோசமில்லை. ஒரு மாசத்துக்கு மோசமே இல்லை. மதியம் லாரி நிற்கும்போதே மதிய கோஷ்டியைக் கூப்பிட்டார். 2.

மதிய கோஷ்டியின் பேர்களை என்னிடம் வாங்கி எழுதிக்கொண்டார். பழைய பட்டியலில் கோடு போட்டு அடித்தார்.

காலைப் பிள்ளைகளுக்கு நான்தானே சொல்லவேண்டும். நாளைக்குச் சொல்கிறேன்.

13 ஜனவரி

சொன்னேன். யாரும் அழவில்லை. அழுதிருக்கலாம்.

முருகம்மாள் மட்டும் கேட்டாள். "நாங்க என்ன தப்பு செஞ்சோம் டீச்சர்? நீங்க சொன்னதத்தான செஞ்சோம்."

ஒரு தப்பும் இல்லை, நான் சொன்னதுதான் தப்பு என்றேன். அதை அவள் எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள்? ஏழாம் வகுப்பு, இந்த வருஷத்தோடு ஸ்கூல் முடிகிறது. சிவாஜி பார்க் போகும் லாரியில் இன்னும் நாலு பேர் ஏற்றலாமா என்று ஹெட்மாஸ்டரைக் கேட்டுப் பார்த்தேன். இருபத்து நாலு என்றால் இருபத்து நாலுதானாம்.

26 ஜனவரி

காலை நாலரைக்கு எழுந்தது. இப்போது கண் சொருகுகிறது. மைக்கில் கூப்பிட்டார்கள், ஆடினார்கள், தப்பு எண்ணவில்லை. இன்று விட்டுவிட்டேன்.

முடிந்ததும் கடலுக்குக் கூட்டிப் போனேன். ராபியா பாவாடையைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே போகப் பார்த்தாள், பாண்டுரங் இழுத்துப் பிடித்தான். பேராச்சி கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். பிறகு, "இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒரு வரிசயும் காணும்" என்றாள்.

வாய்விட்டுச் சிரித்தேன். கடைசியாக எப்போது சிரித்தேன் என்று தெரியவில்லை. அப்புறம் முருகம்மாள் நினைவு வந்தது.

20 பிப்ரவரி

செம்பூர் இடம் வேறு ஒரு டீச்சருக்குப் போய்விட்டது. இவர் கேலி செய்யவில்லை. உப்பு வெந்நீர் அவரே வைத்துக் கொடுத்தார்.

18 ஜூன் 1962, திங்கள்

ஸ்கூல் திறந்தாயிற்று. அதே ரயில், குர்லாவில் அதே படி, அதே குதிகால். டிரில் மாஸ்டர் போடவில்லை. போடுங்கள் என்று நான் கேட்கவும் இல்லை.

காலை கோஷ்டியில் எல்லாம் புதுப் பிள்ளைகள். முதல் நாளிலிருந்தே கலந்துதான் கொடுக்கிறேன். பாண்டுரங்குக்கு ஒரே குஷி. காலை 23. ஹெட்மாஸ்டர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மதியம் லாரி வந்தது, வரிசையில் முருகம்மாள். அம்மாவுக்குப் பதிலாக இப்போது இவள்தான் தண்ணிக்கு வருகிறாளாம். வளர்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் பார்க்காதமாதிரி திரும்பிக்கொண்டாள். நான் எழுந்து நொண்டிக்கொண்டு போய் ஒரு லேஜிமை நீட்டினேன். குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். பிறகு குடத்தைக் கீழே வைத்தாள்.

பாண்டுரங் தட்டினான். பவித்ரா, சார் ஆவாஜ், பைட்டக், தோ ருக், பைட்டக். தோ ருக்கில் ஒரே ஒரு தப்பு, மற்றதெல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளாமல் வந்தது. ஐந்து மாசமாக லேஜிமைத் தொடாத கை.

"ஞாயித்துக்கிழமை வா. பஸ்ஸில் போய்க் கடல் பார்த்துட்டு வருவோம்" என்றேன்.

"வீட்டுல விடமாட்டாவ டீச்சர்" என்றாள். லேஜிமை என் கையில் கொடுத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனாள்.

முருகம்மாள் 1.